பேரறிஞர் அண்ணாவும் பிளவுண்ட அமெரிக்காவும்

கோயில்களாலும் தறிகளாலும் புகழ்பெற்ற காஞ்சி, இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்திற்கு வழங்கிய பெருங்கொடை பேரறிஞர் அண்ணா. 1909 செப்டம்பர் 15ஆம் நாள் எளிய நெசவாளர் குடும்பத்தில், நடராசன் – பங்காரு அம்மாள் இணையரின் மகனாகப் பிறந்தார். சிறிய தாயார் இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்தார். இவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியில் பயின்றவர், வறுமையின் காரணமாக நகராட்சியில் சிலகாலம் எழுத்தராகப் பணியாற்றினார்; பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் கற்றுத் தேர்ந்தார்.

சொல்லே அவர்தம் படைக்கலம். 1942இல் காஞ்சியில் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். நாடகமும் புதினமும் மேடைப் பேச்சும் அவர் கையில் மக்களைத் திரட்டும் கருவிகளாயின. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. தனிநாடு என்ற முழக்கத்தை இளைஞர் நெஞ்சில் ஊன்றியவரும் அவரே. 1962இல் மாநிலங்களவையிலும் அக்கோரிக்கையைத் தயங்காது முன்வைத்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் இந்திய – சீனப் போர் மூண்டது. தாம் வளர்த்த முழக்கத்தைத் தாமே நிறுத்தினார் அண்ணா. பிரிவினை பேசுவதைத் தடுக்கும் அரசியல் சட்டத்திருத்தம் 1963இல் வந்தபின், கழகத்தின் குறிக்கோளிலிருந்தே அது நீக்கப்பட்டது. அச்சத்தால் நேர்ந்த பின்வாங்கல் என்று இகழ்ந்தோர் உண்டு. உள்ளம் உடைந்த தம்பியரும் உண்டு. எனினும், கோரிக்கையைக் கைவிட்டாலும் அதற்கான காரணங்கள் மறைந்துவிடவில்லை என்பதை அவர் ஒளித்தாரல்லர். மாநிலங்களுக்குக் கூடுதல் உரிமை என்னும் வழியில் இயக்கத்தைச் செலுத்தினார்.

இந்நிகழ்ச்சியை நினைவிற் கொண்டால்தான், 1968இல் அவர் மேற்கொண்ட அமெரிக்கப் பயணத்தின் காலப்பொருத்தம் விளங்கும். அதற்குள் வியட்நாம் போரின் நிழல் தமிழகத்திலும் விழுந்திருந்தது. வறட்சிக் காலமான 1965 – 67இல் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் அதனை மொத்தமாக அளிக்காது சிறிது சிறிதாகவே விடுத்தார். இந்திய வேளாண்மைக் கொள்கையை மாற்றச் செய்வது அவர் நோக்கம். வியட்நாமில் நிகழ்ந்த குண்டுவீச்சை இந்தியா கண்டித்ததும் அவருக்குச் சினமூட்டியது. உணவுத் தட்டுப்பாடு தேர்தலின் முதன்மைச் சிக்கலாக எழுந்த 1967இல், அரிசி வாக்குறுதியோடு வென்ற அண்ணா, மார்ச் 6ஆம் நாள் முதலமைச்சரானார்.

யேல் பல்கலைக்கழகத்தின் ‘சப்’ ஆய்வுநர் அழைப்பை ஏற்று அவர் 1968 ஏப்ரலில் புறப்பட்டபோது, அமெரிக்கா தன்னுள் இரண்டுபட்டுக் கிடந்தது. ஐந்து இலட்சம் வீரர்கள் வியட்நாமில் இருந்தனர். வெற்றி அண்மையில் உள்ளதென அரசு உறுதிகூறி வந்த வேளையில், அவ்வாண்டு சனவரி இறுதியில் எதிர்த்தரப்பினர் தென்வியட்நாம் நகரங்களை ஒருசேரத் தாக்கினர். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்திற்குள்ளும் புகுந்தனர். தாக்குதல் முறியடிக்கப்பட்டது, அரசின் சொல்மீது மக்கள் வைத்த நம்பிக்கையும் உடன் முறிந்தது. மார்ச் 31இல், தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். ஏப்ரல் 4இல், போரை எதிர்த்த மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாத இறுதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடங்களை மாணவர் கைப்பற்றினர். அண்ணாவை அழைத்த யேலின் சமயக் குருவான வில்லியம் காஃபின், படையில் சேர மறுத்த இளைஞர்க்குத் துணைநின்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு வழக்கை எதிர்நோக்கியிருந்தார். மூன்றாண்டுகட்கு முன், 1965இல், மொழிப்போரில் மாணவர் கொதித்தெழுந்ததைக் கண்ட தலைவருக்கு, மாணவர் கிளர்ச்சி புதிய காட்சியன்று.

செப்டம்பரில் அண்ணா மீண்டும் அந்நாட்டிற்குச் சென்றார், இம்முறை நோயாளியாக. உணவுக்குழலில் புற்றுநோய். நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. அக்டோபர் 31இல், வடவியட்நாம் மீதான குண்டுவீச்சை முற்றும் நிறுத்துவதாக ஜான்சன் அறிவித்தார். சில நாளில் நிக்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாயகம் திரும்பிய அண்ணா, தம் மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் 1969 சனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்ததைக் கண்டார். அதற்குப்பின் அவருக்கு எஞ்சியவை மூன்று வாரங்கள் கூட இல்லை. பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார்.

அப்போது பாரிசில் நால்தரப்புப் பேச்சு தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. போரோ 1975 ஏப்ரல் 30இல்தான் ஓய்ந்தது. அமெரிக்க வீரர் 58,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வியட்நாமியர் பல இலட்சம் பேர் மடிந்தனர். அப்போரில் வெல்ல இயலாதென்று உள்ளூர உணர்ந்த பின்னரும், கொடுத்த உறுதிமொழிக்கும் நாட்டின் மதிப்பிற்கும் இழுக்கு வருமென்று அஞ்சியே ஆட்சியாளர் அதை நீட்டித்தனர்.

இரு நிகழ்ச்சிகளும் அளவால் ஒப்பிடத்தக்கன அல்ல. ஆயினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே: சொல்லியவன் தன் சொல்லுக்கு அடிமையா, ஆண்டையா? முழக்கத்தை எழுப்புவது சொல்வல்லார் பலர்க்கும் எளிது. தம் குரலுக்குத் திரண்டோர் முன்னிலையிலேயே அதனை அடக்கி, பழியையும் தாமே ஏற்பது அரிது. தவறிய ஊடையைப் பிரித்தெடுக்காமல் தறியை மேலும் ஓட்டினால் சேலை முழுதும் கெடும் என்பது காஞ்சி நெசவாளர் அறிந்தது. அக்குடியில் பிறந்த அண்ணாவும் அதை அறிந்திருந்தார்.