தொட்டியைக் கவிழ்த்த வைத்தியர்

கொசுக்கடியால் மலேரியாச் சுரம் வருகிறது என்பதை இன்று நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அது பெரிய வைத்தியர்களுக்கும் தெரியாது. 1880-ல் லாவரான் என்ற பிரெஞ்சு இராணுவ வைத்தியர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டுவிட்டார். ஆனால் அது உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்பது புதிராகவே இருந்தது. கெட்ட காற்று என்றார்கள் சிலர், கெட்ட தண்ணீர் என்றார்கள் சிலர். இப்புதிரை அவிழ்த்தவர் நம் தேசத்தில் பிறந்து, சென்னை இராஜதானியில் உத்தியோகம் தொடங்கிய ரொனால்ட் ராஸ்.

இவர் 1857-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தகப்பனார் ஆங்கிலேய இராணுவ அதிகாரி. மகனுக்கோ கவிதையிலும் சித்திரத்திலும் சங்கீதத்திலும்தான் ஆசை. தகப்பனாரின் கட்டளைக்குப் பணிந்து இலண்டனில் வைத்தியம் படித்து, 1881-ல் இராணுவ வைத்தியராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு நேரமெல்லாம் கவிதையிலும் கணிதத்திலுமே கழிந்தது.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது அவருடைய பங்களாவில் கொசுத் தொல்லை பொறுக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். கொசுவும் ஏறக்குறைய ஒழிந்தது! அதிகாரிகளின் சாப்பாட்டு விடுதியிலும் தொட்டிகளையும் பூஞ்சாடிகளையும் இப்படியே காலி செய்யலாமே என்று படையின் நிர்வாக அதிகாரியிடம் சொன்னார். அந்த அதிகாரி சம்மதிக்கவில்லை. கொசுவும் ஏதோ ஒரு காரியத்துக்காகப் படைக்கப்பட்டதே, இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கலாகாது, பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்று சொல்லி ஏளனம் செய்தாராம். சர்வேசுரன் நமக்குக் கையும் புத்தியும் தந்திருப்பது அவர் நினைவுக்கு வரவில்லை போலும்.

கொசு நோயைப் பரப்பும் என்று ராஸுக்கும் அப்போது தெரியாது. 1894-ல் விடுமுறையில் இலண்டன் சென்றபோதுதான், மலேரியாவுக்கும் கொசுவுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற யூகத்தை மான்சன் என்ற வைத்தியர் அவருக்கு எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு முதல் சிக்கந்தராபாத்தில் கொசுக்களை அறுத்துப் பார்ப்பதே ராஸின் வேலையாயிற்று. கோடை வெப்பத்தில் விசிறிகூடப் போட இயலாது, அறுத்த கொசு பறந்துவிடும். வியர்வை வழிந்து பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்தன. 1897-ல் ஊட்டியை அடுத்த சீகூர்ப் பள்ளத்தாக்கில் ஆராயப் போன இடத்தில் மலேரியா அவரையே பிடித்துக்கொண்டது.

இரண்டு ஆண்டுகளாக அவர் அறுத்தவை சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக் கொசுக்களும். அவற்றில் மனிதருக்கு வரும் மலேரியாக் கிருமி வளராது. அந்த ஆகஸ்டு மாதம் புள்ளிச் சிறகுள்ள வேறொரு கொசு கிடைத்தது. உசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கு ஓரணா கூலி பெற்று, பத்துக் கொசுக்களுக்குத் தன் இரத்தத்தைக் கொடுத்தார். ஆகஸ்டு 20-ந் தேதி அவற்றில் ஒன்றின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்வதை ராஸ் கண்டார். அந்தப் பத்தணாவுக்கு உலகம் பட்டிருக்கும் கடன் கொஞ்சமல்ல.

அன்று அவருக்குப் பயன்படாமற்போன அந்த வரிக் கொசு இனந்தான் டெங்குச் சுரத்தைப் பரப்புகிறது என்று பிற்பாடு தெரிந்தது. தாம்பரம், சேலையூர், முடிச்சூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மழைக்காலந்தோறும் அஞ்சுவது அதற்குத்தான். அது சாக்கடையை நாடாது. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றின் நல்ல தண்ணீரே போதும். பகலில் கடிக்கும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் சாகாது. ஆகையால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்வதோடு நில்லாமல், உட்புறத்தை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, மூடிவைக்க வேண்டும். சென்னைப் பட்டணத்து மலேரியாக் கொசுவோ கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்வது. மூடி சரியாகப் பொருந்தாத தொட்டி, மூடியில்லாத தொட்டிக்குச் சமம்.

1898-ல் ராஸ் கல்கத்தாவில், பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியாகக் கிருமி பரவுவதை நிரூபித்தார். மனிதரிடத்தில் அதே வழியை அவ்வாண்டே இத்தாலியரான கிராஸி முதலியோர் காட்டினார்கள். 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிராஸியோடு யார் முந்தியவர் என்ற வழக்கை மட்டும் அவர் விடவேயில்லை. இவ்வளவு பெரிய மனிதருக்கு அது அழகல்ல.

பின்னாளில் தமிழர் பலர் குடியேறிய மொரீசியஸ் தீவுக்கும் போய் மலேரியாவை ஆராய்ந்தார். அங்கே அவருடைய கணிதம் கைகொடுத்தது. ஓர் ஊரில் கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓரளவுக்குக் கீழே குறைத்துவிட்டாலே மலேரியா தானாக மடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். எல்லாக் கொசுவையும் யாரால் ஒழிக்க முடியும் என்று கேட்டவர்களுக்கு இதுவே அவர் தந்த விடை. 1932-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி இலண்டனில், தம் பெயரால் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையத்திலேயே அவர் உயிர்நீத்தார்.