ஆர். சண்முகசுந்தரம்: சொல்லாமல் உணர்த்திய கலைஞர்

கொங்குச் சீமையின் பேச்சையும் வாழ்க்கையையும் தமிழ் நாவலுக்குள் கொணர்ந்தவர் ஆர். சண்முகசுந்தரம். இன்றைய திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த கீரனூரில் 1917ஆம் ஆண்டு பிறந்தார். மணிக்கொடியில் சிறுகதை எழுதி இலக்கிய உலகில் அடியெடுத்து வைத்த அவர், உடன்பிறந்தவரான திருஞானசம்பந்தத்துடன் கோவையில் வசந்தம் இதழையும் புதுமலர் நிலையத்தையும் நடத்தினார்.

1942இல் நாகம்மாள் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். கதை எளியது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கெட்டியப்பனும் மணியக்காரரும் அவளுக்குப் பக்கபலமாக நிற்கின்றனர். முடிவில் சின்னப்பன் கொலையுண்டு மடிகிறான்.

இதனை வெறும் பங்காளித் தகராறாகப் படிப்போர் கதையின் பாதியை இழப்பர். நாகம்மாள் நல்லவளா, கெட்டவளா என்று ஆசிரியர் எங்கும் தீர்ப்புக் கூறவில்லை. அவளது வேகமான பேச்சுக்குள் அவமானம் இருக்கிறது. பிடிவாதத்துக்குள் தன் மகளின் எதிர்காலம் குறித்த அச்சமும் இருக்கிறது. அவளோ உரிமைக்காக நிற்பதாக எண்ணுகிறாள். துணை நிற்பவர்களுக்கோ சொந்தப் பகையும் ஆதாயமுமே பெரிது. இது வாசகனுக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. இந்த இடைவெளியில்தான் நகைமுரண் பிறக்கிறது. சிரிப்பதற்குரியதன்று அது, நெஞ்சைப் பிசைவது. நியாயமான ஒரு கோரிக்கை, அதைக் கேட்டவளே விரும்பாத முடிவைச் சென்றடைகிறது.

நாற்பதுகளில் பூவும் பிஞ்சும், பனித்துளி ஆகியவற்றையும் எழுதியபின், நாவலாசிரியராக அவர் நெடுங்காலம் மௌனம் காத்தார். அவருடைய உழைப்பின் பெரும்பகுதி மொழிபெயர்ப்புக்குச் சென்றது. பதேர் பாஞ்சாலியும் சரத்சந்திரரின் நாவல்களும் அவர் வழியாகத் தமிழ் வாசகர்களை அடைந்தன. பிறர் படைப்புகளை வீடுதோறும் சேர்த்தவரின் சொந்தப் படைப்புகள் போதிய கவனம் பெறாமற்போனது, அவர் வாழ்க்கையே எழுதிய நகைமுரண்.

1960இல் அறுவடையுடன் மீண்டும் வந்தார். மண்ணாசையால் இளம்பெண்ணை முதியவருக்கு மணமுடிக்க முனைவதால் விளையும் துயரமே அக்கதை. உழவனுக்கு மகிழ்ச்சி தரும் சொல்லையே அதற்குத் தலைப்பாக வைத்தார். கதையை முடித்தபின் அந்தச் சொல் நமக்கு வேறு பொருள் தருகிறது. பிள்ளைகளுக்காக உழைத்த முதிய விவசாயியின் தனிமையைச் சட்டி சுட்டது பேசுகிறது. அங்கும் ஆசிரியர் கண்ணீரைக் காட்டிக் கண்ணீர் கேட்பதில்லை.

1977இல் அவர் மறைந்தார். கவிதை எழுதும் நம் அன்பர்களுக்கும் அவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. சோகம் என்னும் சொல்லை எழுதிவிட்டால் சோகம் வந்துவிடாது. பாத்திரம் சொல்வதற்கும் உள்ளத்தில் மறைப்பதற்கும் இடையே வாசகன் நுழைய ஒரு வழி விட வேண்டும். அதைத் தம் மண்ணின் பேச்சிலேயே செய்து காட்டியவர், சோமனூரிலிருந்து வெகுதொலைவு இல்லாத ஒரு சிற்றூரில் பிறந்த இக்கலைஞர்.