சிஸ்டர் சுப்புலட்சுமி

சுப்புலட்சுமி என்றதும் பாட்டுப் பாடிய எம்.எஸ். அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். இவங்க வேற. இவர் ஒரு டீச்சர். எல்லாரும் இவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

1886-ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். அந்தக் காலத்தில் அவங்க குடும்பங்களில் பெண் வயசுக்கு வருவதற்கு முன்னாடியே கல்யாணம் செய்துவிடுவார்கள். இவருக்கும் அப்படித்தான் நடந்தது. கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துவிட்டார். நம்ம பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், அந்த வயசுதான்! விதவை என்றால் தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பது வழக்கம். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எதிரில்கூட வரக்கூடாது.

ஆனால் அப்பா சுப்பிரமணிய ஐயரும் அம்மா விசாலாட்சியும் மகளை அப்படி விடவில்லை. சொந்தக்காரங்க பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு படிக்க வைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் இந்து விதவைகளில் முதலில் பட்டம் வாங்கியவர் இவர்தான்.

தான் படித்தது போதும் என்று அவர் இருக்கவில்லை. 1912-இல் எழும்பூரில் நான்கு விதவைச் சிறுமிகளைச் சேர்த்து விடுதி தொடங்கினார். அவருடைய சித்தி வாலாம்பாளும் சின்ன வயசிலேயே விதவையானவர். அந்தச் சித்திதான் பிள்ளைகளைக் கூட இருந்து பார்த்துக்கொண்டார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற வெள்ளைக்கார அம்மாவும் உதவி செய்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? பெற்றோருடைய பயத்தை அவர் கேலி செய்யவில்லை. வெளியே அனுப்பினால் ஆசாரம் கெட்டுவிடும், ஊரில் தலைகாட்ட முடியாது என்று அவர்கள் பயந்தார்கள். அதனால் வீட்டில் எப்படிச் சமைப்பார்களோ, எப்படிப் பூஜை செய்வார்களோ, அதே மாதிரி விடுதியிலும் நடத்தினார். அப்போதுதான் பெற்றோர் நம்பி அனுப்பினார்கள். ஆனால் இதிலேயே ஒரு வருத்தமும் இருக்கிறது. விடுதியில் பிராமணப் பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்தார்கள். அதைக் குறை சொன்னவர்கள் அப்போதே உண்டு. எனக்கும் அது சரி என்று தோன்றவில்லை. வேறு மாதிரி செய்திருந்தால் அந்தப் பிள்ளைகள் வீட்டு மூலையிலேயே கிடந்திருப்பார்களோ என்றும் தோன்றுகிறது. படிக்கிறவங்க நீங்களே யோசியுங்கள்.

பிள்ளைகள் அதிகமானதும் விடுதி திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்துக்குப் போனது. முன்பு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைத்திருந்த இடம் அது. பக்கத்தில் இருந்த மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சிஸ்டர் பள்ளிக்கூடம் நடத்த ஏற்பாடு செய்தார்.

அப்போது பெண் டீச்சர்கள் ரொம்பக் குறைவு. ஆண் வாத்தியார் என்றால் பல வீடுகளில் பெண் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். சிஸ்டரிடம் படித்த விதவைகள் பலர் டீச்சர் ஆனார்கள். அவர்களை நம்பி மற்ற வீட்டுப் பெண்களும் பள்ளிக்கு வந்தார்கள். யாரைப் பார்த்தால் அபசகுனம் என்று சொன்னார்களோ, அவங்ககிட்டேயே பிள்ளையைப் படிக்க அனுப்பினார்கள்! டீச்சர் பயிற்சிக்காக லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதற்கும் சிஸ்டர்தான் தலைமை. விடுதியில் சேர வயது தாண்டிய விதவைகளுக்காக 1927-இல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார்.

சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதால்தானே இவ்வளவும்? அதனால் கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று அரசாங்கம் அமைத்த குழுவிடம் போய்ச் சொன்னார். 1929-இல் சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14 வயது ஆக வேண்டும் என்றார்கள். அதாவது இப்போ என் வயசு. அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம். இன்றைக்குச் சட்டப்படி 18.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. தாம்பரம் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்துப் பெண்களுக்காகவும் உழைத்தார். 1958-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969 டிசம்பர் 20-ஆம் தேதி இறந்தார்.

அந்த ஐஸ் ஹவுஸ் இப்போது விவேகானந்தர் இல்லம். சென்னைக்கு டூர் போனால் மெரினாவுக்கு எதிரே ரோட்டோரம் முன்பக்கம் உருண்டையாகத் தெரியும். விவேகானந்தர் தங்கியிருந்த இடம் என்று எல்லாரும் காட்டுவாங்க. சிஸ்டரோட பிள்ளைகள் பாடம் படித்த வீடும் அதுதான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி