அளந்து வைத்த அடி: பண்டிதர் நைன் சிங் வரலாறு

நெடுந்தூர ஓட்டத்தில் விருப்பங் கொண்ட இளைஞர் இக்காலத்தில் நம் நாட்டிற் பெருகி வருகின்றனர். உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விடியற்காலையில் ஏரிக்கரைமீது ஓடிப் பழகுவோரைக் காணலாம். அவருட் பலர் முதல் நாளிலேயே முழுவேகத்துடன் ஓடி, சில நாளிற் காலில் நோவுகண்டு, பின்னர்ப் பயிற்சியையே கைவிடுகின்றனர். மலையோட்டப் பந்தயங்களில் முதன்மை பெற்ற வீரரோ, தம் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியை இளைப்புத் தோன்றாத மெல்லோட்டத்திலேயே கழிக்கின்றனர்; செங்குத்தான ஏற்றங்களில் அவரும் நடந்தே செல்கின்றனர். நீண்ட பயிற்சியும் மாறாத நிதானமும் எத்துணைத் தூரம் ஒருவனைக் கொண்டு செல்லும் என்பதற்கு, சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட ஒரு மலைவாசியின் வரலாறு தக்க சான்றாகும். அவரே பண்டிதர் நைன் சிங் ராவத்.

இவர் 1830ஆம் ஆண்டில் குமாயூன் மலைநாட்டின் ஜோஹார் பள்ளத்தாக்கில், மிலாம் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூரார் கோடையில் உயர்ந்த கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்று வாணிகம் செய்துவந்தனர். ஆதலின் மலைவழி நடத்தலும் திபெத்திய மொழியறிவும் இவருக்கு இளமையிலேயே வாய்த்தன. பின்னர்ப் பள்ளியாசிரியராக அமர்ந்தமையாற் பண்டிதர் எனப்பெற்றார்.

நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், பரங்கிமலையருகே 1802ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பார் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரு நில அளவை, வடக்கு நோக்கி வளர்ந்து இமயத்தை எட்டியது. ஆயின் அதற்கப்பாலுள்ள திபெத்து அந்நியர்க்கு அடைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியர் அங்கு நுழைதல் இயலாமையின், மலைவாசிகளைப் பயிற்றி அனுப்புதல் வேண்டுமென மாண்ட்கோமரி என்னும் அதிகாரி கருதினார். அவ்வண்ணமே நைன் சிங்கும் அவர்தம் உறவினர் மணி சிங்கும் 1863இல் டேராடூனுக்கு வரவழைக்கப்பெற்றனர்.

ஆங்கு ஏறக்குறைய இரண்டாண்டுகள் பயிற்சி நடந்தது. விண்மீன்களை நோக்கி இடத்தின் நிலையைக் கணித்தலும், கொதிநீரின் வெப்பத்தைக்கொண்டு உயரத்தை அறிதலும் கற்பிக்கப்பட்டன. இவற்றினும் அரியது நடைப்பயிற்சியே. ஏற்றமாயினும் இறக்கமாயினும் சமநிலமாயினும் அடியின் நீளம் மாறலாகாது. மைலொன்றுக்கு ஏறக்குறைய 2,000 அடிகள். கையிலிருந்த மாலையில் வழக்கமான 108 மணிகளுக்கு மாறாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒருமுறை சுற்றிவரின் 10,000 அடிகள், அஃதாவது ஏறக்குறைய 5 மைல்கள் கடந்தமை விளங்கும். குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மறைத்து வைக்கப்பெற்றன.

1865இற் புறப்பட்ட நைன் சிங், நேபாளத்தின் வழியாகச் சென்று 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்தார். அனுமதியின்றி வந்த சீனர் ஒருவர் அங்கே தலை வெட்டப்பட்டதைக் கண்டபின், தமக்கும் அக்கதியே நேரலாமென அறிந்து, வெளியே நடமாடுதலைக் குறைத்துக்கொண்டார். ஆயினும் பணியை விட்டாரில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் மீண்டுவந்தபோது அவர் அளந்திருந்த வழி ஏறக்குறைய 1,200 மைல். எண்ணிய அடிகள் ஏறக்குறைய 25 லட்சம். லாசாவின் இருப்பிடமும் சாங்போ ஆற்றின் நெடும்போக்கும் இதனால் விளங்கின.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. பனியிலும் காற்றிலும் தளர்ந்த ஒரு நாளில் அவர் எண்ணாமல் நடந்துவிட்டு, மாலையில் ஓர் எண்ணைப் புனைந்து எழுதியிருப்பின் அதனை அன்று கண்டுபிடிப்பார் எவருமிலர். படம் மட்டுமே பொய்யாகியிருக்கும். காண்பார் இல்லாத இடத்தும் அவர் தம் அளவில் வழுவாது நின்றார்.

1867இல் மேற்குத் திபெத்தின் பொன் சுரங்கங்களுக்கும், 1874இல் லே நகரிலிருந்து லாசா வழியாகவும் அவர் மீண்டுஞ் சென்றார். இப்பின்னைய பயணம் 1875இல் அஸ்ஸாமில் முடிவுற்றது. 1877இல் லண்டன் ராஜாங்க பூகோள சங்கம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. முதுமையிற் பிறர்க்கு இக்கலையைப் பயிற்றிய அவர், அந்நூற்றாண்டு முடியுமுன் காலமானார். இந்திய அரசு 2004இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நண்பர்காள்! நைன் சிங் அடியின் நீளத்தைக் காத்தது அளவைக்காக. ஓடுவோர் காக்கவேண்டுவதோ உழைப்பின் அளவாகும். ஏற்றத்தில் அடியைக் குறுக்குக. மூச்சு மிகின் நடந்து செல்க. இறக்கத்திலும் சிறிது சிறிதாகப் பழகுக. தூரத்தை வாரந்தோறும் மெல்ல மிகுவிக்க. இரண்டாண்டுகள் நடக்கக் கற்றபின்னரே அம்மலைவாசி லாசாவுக்குப் புறப்பட்டார் என்பதை நினைவிற் கொள்வோமாயின், மலையே இல்லாத நம் சமவெளி ஏரிக்கரையும் நமக்கு நல்ல பயிற்சிக் களமாகும்.