சோழர் உட்பூசலும் கோவூர்கிழாரும்

புறநானூற்றில் 15 பாடல்களுக்கு உரிய கோவூர்கிழார், சோழன் நலங்கிள்ளியைச் சார்ந்து பாடியவர். அவன் ஆவூரை முற்றியபோது, கதவடைத்து உள்ளிருந்த நெடுங்கிள்ளியிடம் பாலின்றி அலறும் குழவியரைச் சுட்டி, அறம் விரும்பின் வாயிலைத் திறந்து ஒப்படைக்கவும் மறம் விரும்பின் திறந்து பொரவும் வேண்டினார் (புறம். 44). இஃது இடித்துரையே, சந்து அன்று. இதற்கு அரசவாகை எனத் துறை வகுத்ததும் அதனாற்போலும்.

உறையூர் முற்றுகையில் அவர் குரல் மாறுகிறது (45). பனையும் வேம்பும் சூடிய பகைவர் அல்லர். இருவரும் சூடியது ஆத்தியே. ஆதலின் எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடி என்றார். பிற வேந்தர்க்கே அப்பூசல் உவகை தரும் என்றும் உணர்த்தினார். பரிசில் வாழ்க்கையர் ஒருவர் தம் புரவலன் வெற்றியையும் குடியின் தோல்வியாகக் கண்டமை எளிய செயலன்று. துணைவஞ்சி என்னும் துறைப்பெயர் இங்கு முழுதும் பொருந்துகிறது.

நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோதும் (47), கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்கு இடத் துணிந்தபோதும் (46) அவரே இடைநின்று உயிர்காத்தார்.

47ஆம் பாட்டின் கொளு நெடுங்கிள்ளியைக் காரியாற்றுத் துஞ்சியவன் என்கிறது. இலவந்திகைப்பள்ளியில் துஞ்சிய வேந்தனும் உண்மையின், துஞ்சுதல் களச்சாவையே குறிக்கும் என்பதற்கில்லை. உறையூர்ச் சந்து முறிந்தது என்பதற்கு அவ்வடையைச் சான்றாக்குதல் பொருந்தாது.