மேரி லயன் அம்மையார்

கல்லூரியொன்றிற் பயிலச் செலவு எவ்வளவு, அதன்பொருட்டுப் படும் கடன் எவ்வளவு, பயின்றபின் பெறும் ஊதியம் எவ்வளவு என்னும் மூன்று கணக்குகளைக் கொண்டு தனியார் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஒப்பிட்டு நோக்குவது இந்நாளில் அமெரிக்க நாட்டிற் பெருவழக்காயிருக்கின்றது. அக்கணக்குகளை ஏட்டில் அன்றித் தம் வாழ்க்கையிலேயே கற்றுணர்ந்து, அவ்வுணர்ச்சியின்மேல் ஒரு கல்விச்சாலையை எழுப்பியவர் மேரி லயன் அம்மையார்.

அம்மையார் 1797-ஆம் ஆண்டு பெப்ருவரி 28-ஆம் நாள், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துப் பக்லண்டு என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். அன்னையார் மறுமணம் புரிந்து வேற்றூர் சென்றபின், தமையனார்க்கு வீட்டுவேலை செய்து வாரம் ஒரு டாலர் பெற்றுவந்தார். 1814-இல் ஆசிரியையாக அமர்ந்தபொழுது, ஊணும் உறைவிடமும் நீங்கலாக அவர்க்குக் கிடைத்தது வாரம் 75 செண்டு. ஆடவராகிய ஆசிரியரோ மாதம் 10 முதல் 12 டாலர் வரை பெற்றனர். 1817-இல் ஆஷ்பீல்டு நகரப் பாடசாலையிற் சேர்ந்தபொழுது, தாம் நெய்த போர்வைகளையே உணவுச் செலவிற்கு ஈடாகக் கொடுத்தனர்.

பெண்கள் பெறும் ஊதியம் இத்துணைச் சிறிதாயின், பெருங்கட்டணத்திற்காகப் பட்ட கடனை அவர் எங்ஙனம் தீர்ப்பர்? ஆதலின் கட்டணத்தையே குறைத்தல் வேண்டும் என அம்மையார் துணிந்தார். 1834 முதல் பச்சை வெல்வெட்டுப் பையொன்றைக் கையிலேந்தி ஊரூராய்ச் சென்று பொருள் திரட்டினார். ஏழையர் ஈந்த சில செண்டுகளையும் அவர் இகழ்ந்திலர். 1837-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், சௌத் ஹாட்லி என்னும் ஊரில் மௌண்ட் ஹோலியோக் பெண்கல்விச்சாலை 80 மாணவியருடன் திறக்கப்பெற்றது. போதனைக்கும் உணவிற்குமாக ஆண்டுக் கட்டணம் 60 டாலரே. வேலையாட்களை அமர்த்தாது, சமையல் முதலிய வேலைகளை மாணவியரே நாடோறும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பகிர்ந்து செய்தனர். சாலையைத் தனியொருவர் உடைமையாக்காது தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைத்தமையால், இலாப நோக்கம் அதனுட் புகவில்லை. கட்டணம் குறைந்ததேயன்றிக் கல்வி குறைந்ததில்லை. கணிதமும் விஞ்ஞானமும் சிறக்கக் கற்பிக்கப்பட்டன. இரசாயனத்தை அம்மையார் தாமே போதித்தனர்.

எனினும் இத்திட்டத்தில் ஒரு குறையுண்டு. ஆசிரியைகளின் சம்பளத்தையும் மிகச் சுருக்கியே கட்டணம் குறைக்கப்பட்டது. காதரின் பீச்சர் அம்மையார் அந்நாளிலேயே இதனைக் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமற்றதென்று நாம் தள்ளிவிடுதற்கில்லை. மாணவியர்மேல் ஏறாத சுமை ஆசிரியைகள்மேல் ஏறியதன்றோ? ஆயினும் மேரி லயன் அம்மையார் பிறர்க்கு விதித்ததைத் தமக்கு விலக்கிக்கொண்டாரில்லை. தலைவியாகிய தாம் ஆண்டிற்கு 200 டாலரே பெற்றார்.

1849-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் அம்மையார் காலமானார். அவர் நிறுவிய சாலை 1893-இல் மௌண்ட் ஹோலியோக் கல்லூரி என்னும் பெயர் பெற்று இன்றும் நிலவுகின்றது.

கல்லூரிகளை ஒப்பிடுவோர் மூன்று கணக்குகளோடு நான்காவதொன்றையும் கேட்டறிதல் நலம் என்பதே இவ்வாழ்க்கையினின்று நாம் கொள்ளும் பாடம். மாணவர் கொடாத பொருளை யார் கொடுக்கின்றனர்? ஈகையாளரா, மாணவர்தம் உழைப்பா, ஆசிரியரின் தியாகமா? இவ்வினாவிற்கு விடை தெரிந்தாலன்றி, குறைந்த கட்டணத்தின் உண்மை விலை நமக்குப் புலப்படாது.