இல்லாத வழியைத் தேடிய கேப்டன்: யார் இந்த ஜார்ஜ் வான்கூவர்?

கனடாவின் வான்கூவர் நகரம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் தெரியுமா?

1757-ல் இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் வான்கூவர், டீன் ஏஜிலேயே கேப்டன் குக்கின் கப்பலில் ஏறியவர். 1791-ல் அவரிடம் முக்கியமான ஒரு வேலை வந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் பக்கம் போக கடல்வழி இருக்கா?

அங்கே மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழையும் ஃபியோர்டுகள், ஆயிரக்கணக்கான தீவுகள். கப்பல் போக முடியாத இடுக்குகளில் துடுப்புப் படகுதான். 3 கோடைக்காலம் ஒவ்வொரு இடுக்கின் கடைசி வரை போய்ப் பார்த்தாங்க. 1794-ல் கிடைத்த விடை: அந்தக் கரையில் அப்படியொரு வழியே இல்லை!

ஊர் திரும்பியவருக்கு வம்புதான் காத்திருந்தது. பயணத்தில் அவரிடம் கசையடி வாங்கிய பிரபு வீட்டுப் பையன் தாமஸ் பிட், லண்டன் தெருவிலேயே அவரைத் தாக்கினார். 1798-ல், 40 வயதில் வான்கூவர் இறந்தார். பாதியில் நின்ற பயண நூலை சகோதரர் ஜான் முடித்தார். அவருடைய வரைபடங்களோ பல பத்தாண்டுகள் கப்பல்களுக்கு வழி காட்டின.